ஐயான்ர ஒத்தைக் கழிச்சுப்போடாதை

பலெர்மோ,
22 மார்கழி

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். உன்ர நாரி நோ எப்பிடி? நீ ஆவணியிலை போட்ட கடிதத்துக்கு மார்கழியிலை பதில் எழுதுறன், பிழை என்னிலைதான். மூத்தவள் சோதினை பாஸ். நெட்டையன் மிலானோவிலை இருந்து வந்து ரெண்டு நாள் நிண்டவன். சைக்கிள் காசு நீதான் தரவேணுமெண்டு இன்னும் அதே நிலையிலை நிக்கிறான். அவனுக்கு நீயே பதில் சொல்லு.

உன்ர கடிதத்தின்ர கடைசியிலை ஒரு வரி. “வீடு திருத்தப்போறம், ஐயான்ர பழசுகளை எல்லாம் கழிக்கவேணும்.” ஆவணியிலை அதை வாசிச்சுப்போட்டு மடிச்சு வைச்சிட்டன். இந்தக் கிழமை அந்த வரி என்னை நித்திரை கொள்ள விடுதில்லை.

என்னோட வேலை செய்யிற சிசிலிப் பெடியன் தன்ர தாயின்ர ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனவன். மெசீனாவுக்குப் பின்னாலை இருக்கிற பெலோரித்தானி மலையுக்கை ஒரு சின்ன ஊர். நத்தாருக்கு முந்தின ஒன்பது நாளும் அங்கை இரவிலை செபம். சனம் ஒரு முடக்கிலை, மாதா சுருவத்துக்கு முன்னாலை நிக்குது. எண்பது வயசு மதிக்கக்கூடிய ஒரு மனுசன் முழு ஆட்டுத்தோலை அக்குளுக்கை இடுக்கிக்கொண்டு வந்தார். ஊதினார். தோல் வீங்கினது. முழங்கையாலை ஒரு தட்டு.

மச்சான், முதல் வந்தது ஒத்து!

பாட்டு இன்னும் தொடங்கேல்லை. வெறும் சுருதி. எங்கட பிள்ளையார் கோயில் மேற்கு வீதியிலை, நாதஸ்வரக்காரர் வாயிலை வைச்சு ஊதுற நாணல் சீவாளியை நாக்கிலை நனைச்சுக்கொண்டிருக்க, உன்ர ஐயா பின்னாலை நிண்டு, பாட்டு வாசிக்காமல் ஒரே சுருதியை மட்டும் ஊதுற அந்த ஒத்துக் குழலைப் பிடிக்கத் தொடங்குவாரே, அது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு. பக்கத்திலை நிண்ட மனுசி, செபத்துக்குத்தான் அழுறனெண்டு நினைச்சு, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா.

இத்தாலியனிலை இந்தத் தோல்பை வாத்தியத்துக்குப் பேர் சம்போஞ்ஞா. ‘சிம்ஃபோனியா’ எண்ட பழைய சொல்லிலை இருந்து வந்ததாம். அந்த மலைச்சனம் சாரமெட்டா எண்ணும். அந்த ‘ட’வை நாக்கை மடிச்சு எங்களைப்போலவே சொல்லுதுகள். ரோமிலை இருக்கிறவனுக்கு அது வராது, எனக்கு முதல் தரமே வந்தது.

செபம் முடிய அந்த மனுசன் எனக்கு எல்லாத்தையும் கழட்டிக் காட்டினார். ஆட்டை வயித்திலை கீறாமல் உரிக்கவேணுமாம். மயிர்ப்பக்கம் உள்ளுக்கை. முன்னங்காலிலை ஊதுகுழல். கழுத்திலை ஒரு மரக்கட்டை, அந்த ஒரே கட்டையிலை எல்லாக் குழலும். ஸ்கொட்லாந்துக்காரன்ர பைப்பிலை வாசிக்கிற குழல் ஒண்டுதான், ரெண்டு கையும் அதிலைதான். இதிலை கைக்கு ஒரு குழல், ரெண்டும் ஒரே நீளம். வலக்கை ஒண்டு சொல்ல இடக்கை இன்னொண்டு சொல்லும். மிச்சக் குழலெல்லாம் ஒத்து. உள்ளுக்கை கிடக்கிறது சீவாளி இல்லை. நாணலிலை ஒரு நாக்குக் கீறிவிட்டது, பாம்பாட்டியின்ர மகுடியிலை இருக்கிற அதே வகை. வடக்கை மொலீசேயிலை ஸ்காப்போலி எண்ட ஊரிலை செய்யிறதுக்குத்தான் எங்கடையைப்போல ரெட்டைச் சீவாளி. அந்த ஊரிலை 1975 தொடக்கம் ஆடியிலை இதுக்கெண்டே விழா நடக்கிறது வழக்கம். வாற வருசம் கட்டாயம் போவன்.

பேந்து அவர் பொக்கெற்றுக்கை இருந்து ஒரு உருண்டை எடுத்தார். தேன்மெழுகு. சுருதி சேர்க்கிறதுக்கு ஒரு துளையை அரைவாசி அடைச்சு, ஊதிப் பாத்து, நகத்தாலை கிள்ளி எடுத்து, திருப்பி ஊதினார். உன்ர ஐயான்ர மடியிலை எப்பவும் ஒரு மெழுகு உருண்டை கிடக்குமே! களவெடுத்து நாங்கள் பொம்மை செய்த நாள் விழுந்த அடி உனக்கு நினைவிருக்கும். எனக்கு இண்டைக்கும் முதுகிலை இருக்கு.

அந்த மனுசன்ர மகன்மார் ரெண்டுபேரும் ஜேர்மனியிலை. ஊரிலை பாதி வீடு பூட்டு. முந்தி ஆடு மேய்க்கிறவை இதின்ர சுருதிக்குச் சேரப் பாத்துத்தான் ஆட்டுமணி வாங்குவினமாம். மந்தை நடந்தால் மலையே ஒரு சுருதியிலை கிடக்குமாம். ஆளுகள் வேலை தேடிப் போக ஆடும் போச்சு, மணியும் போச்சு. 1954இலை லோமாக்ஸ் எண்ட அமெரிக்கரும் கார்ப்பித்தெல்லா எண்ட இத்தாலியரும் சிசிலியிலை தொடங்கி நாடெல்லாம் திரிஞ்சு பதிவு செய்தவை. அந்த நேரம் அது நடக்காட்டில் எத்தினை குரல் கேட்காமலே போயிருக்கும்! எங்கட ஊருக்கு அப்பிடி ஒருத்தரும் வரேல்லை மச்சான். உன்ர ஐயான்ர மூச்சு ஒரு கசெற்றிலையும் இல்லை.

95இலை யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் வெளிக்கிட்ட இடப்பெயர்விலை, செம்மணி வெளியாலை நடந்த இரவை யோசிச்சுப்பார். அம்மா அரிசிப்பை கொண்டுவந்தா. நீ புத்தகம். ஐயா வேட்டியாலை சுத்தின ஒத்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வந்தார். மழையிலை தான் நனைஞ்சார், அதை நனையவிடேல்லை. கோயிலிலை சுருதிப்பெட்டி வந்தபிறகு அவரை ஒருத்தரும் கூப்பிடேல்லை, அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லேல்லை. சுருதிப்பெட்டி சரியான சுருதிதான் குடுக்கும், நான் இல்லையெண்ணேல்லை. ஆனால் அதுக்கு மூச்சு முட்டாது. வாசிக்கிறவர் உச்சத்துக்குப் போகேக்கை, பின்னாலை ஒருத்தர் கன்னம் வீங்க, கண் சிவக்க, அவருக்காகத் தாங்கிக்கொண்டு நிண்டாரே. ஐயான்ர கன்னம் செய்ததை இங்கை ஆட்டுத்தோல் செய்யுது.

அதாலை சொல்லுறன், அந்த ஒத்தைக் கழிச்சுப்போடாதை. ஏற்கெனவே ஆருக்கும் குடுத்திருந்தால் இண்டைக்கே போய்க் கேட்டு வாங்கு, காசு நான் அனுப்புறன். கறையான் அரிச்சிருந்தாலும் பரவாயில்லை. வேப்பெண்ணெய் பூசி நிழலிலை வை, வெய்யிலிலை காயவிடாதை. நீளத்தை அளந்து எழுது. அடியிலை இருக்கிற துளையளிலை மெழுகு இன்னும் இருக்கோ எண்டு பார். இருந்தால் சுரண்டிப்போடாதை, அது அவர் கடைசியா வைச்ச சுருதி.

சித்திரையிலை வாறன். அதுக்குள்ளை ஒரு சீவாளி தேடி வை.

அக்காவுக்கும் பிள்ளையளுக்கும் அன்பு.

உன்ர,
மச்சான்