அவன்கிட்டயா தோத்தே?

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை செஸ் டோர்னமென்ட்டில் நடந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம், நான் ஆர்பிட்டராக, அதாவது நடுவராகப் போகிற ஒவ்வொரு ஹாலின் வாசலிலும் உன்னைப் போல நிறைய அப்பா அம்மாக்கள் நிற்கிறார்கள்.

உன் பையன் குட்டி தோற்றுவிட்டு வெளியே வந்தான். நீ கேட்ட முதல் கேள்வி, "அவன்கிட்டயா தோத்தே?" அவனை ஜெயித்த பையனுக்கு இன்னும் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்கான புள்ளி, கிடையாது, அதனால் அப்படிக் கேட்டாய். அந்தப் பையனும் அவன் அப்பாவும் உன் பின்னால்தான் நின்றிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழுந்தது.

குட்டி ஜெயிக்கணும் என்று நீ ஆசைப்படுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. "ஜெயிக்கறது முக்கியமில்ல கண்ணா, கலந்துக்கறதுதான் முக்கியம்" என்று சொல்கிற பெற்றோரையும் பார்க்கிறேன். ஒன்பது வயசுப் பிள்ளை அதை நம்பாது. லீவு நாளில் விடியற்காலையில் எழுப்பி, பணம் கட்டி, கோச்சிங்குக்கு அனுப்பி, அப்புறம் முக்கியமில்லை என்றால் எப்படி நம்பும்? ஜெயிக்கத் துடிக்கிற பிள்ளைதான் ஒரு பலகை முன்னால் அசையாமல் உட்காரும். தோற்றால் அழட்டும். ஏழு வயதுக்குட்பட்ட பிரிவில் ஒவ்வொரு ரவுண்டிலும் அழுகைச் சத்தம் கேட்கும். தண்ணீர் கொடுத்து உட்கார வைப்போம். அடுத்த ரவுண்டில் யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியலை ஒட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்டு நம்பரைத் தேடி ஓடிவிடுவார்கள்.

என் வருத்தம் அந்தக் கேள்வி பற்றியது. எதிரே உட்கார்ந்தவன் மட்டமானவன், அவனிடம் தோற்பது அவமானம் என்று அது குட்டிக்குச் சொல்கிறது. அவமானம் என்றால் எந்தப் பிள்ளையும் தப்பிக்கத்தான் வழி தேடும். அது எங்கே போய் முடியும் என்று ஹாலுக்குள் இருக்கிற எனக்குத் தெரியும். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. ஒரு பிள்ளை ராணியைத் தொட்டுவிடும். நகர்த்தினால் வெட்டுப்படும் என்று அப்புறம்தான் தெரியும். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு "நான் தொடலை மிஸ்" என்னும். எதிரே இருக்கிற பிள்ளை கையைத் தூக்கும். நான் போய்க் கேட்கும்போது, பொய் சொன்ன பிள்ளை பலகையையும் பார்க்காது, என்னையும் பார்க்காது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற அப்பாவைப் பார்க்கும். பார்த்தவர்கள் யாரும் இல்லையென்றால் ஆட்டத்தைத் தொடரச் சொல்வதைத் தவிர எனக்கும் வழியில்லை. நியாயம் கேட்ட பிள்ளை முகம் வாடிப்போய் அடுத்த காயை நகர்த்தும்.

குட்டி அப்படிச் செய்கிறவன் இல்லை. ஆனால் வண்டியில் வரும்போது என்ன சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? அவன் காலை ஆட்டிக்கிட்டே இருந்தான், எனக்குத் தலை வலிச்சுது, ஃபேன் காத்து மூஞ்சியிலயே அடிச்சுது. நீயும் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாய். அந்தப் பையன் நன்றாக ஆடினான் என்று உங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் குகேஷ் என்றால் உயிர். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் 14-ஆவது ஆட்டத்தை ஜெயித்து, 18 வயதில் உலக சாம்பியனானபோது அவர் அழுத வீடியோவை குட்டி எத்தனை தடவை போட்டுக் காட்டியிருக்கிறான்! அதில் அவர் கை என்ன செய்கிறது என்று அடுத்த தடவை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். அழுதுகொண்டே காய்களையெல்லாம் பழையபடி அவற்றின் கட்டங்களில் அடுக்கி வைக்கிறார். எதிரே ஆடிய, அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரன் 55-ஆவது நகர்வில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்ததால்தான் அந்த ஆட்டம் முடிந்தது. அவரே தப்புப் பண்ணினார், இவர் ஜெயித்தார் என்று அன்றைக்கே பேசியவர்கள் உண்டு. குகேஷோ பத்திரிகையாளர்கள் முன்னால் டிங்கை உண்மையான சாம்பியன் என்று புகழ்ந்தார், அவர் எப்படிப் போராடினார் என்று எடுத்துச் சொன்னார். அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே டிங்கிடம் தோற்றவர் அவர்.

கோபம் வராதா என்றால், வரும். 2025 ஜூன் மாதம் நார்வேயின் ஸ்டாவாங்கரில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அதே குகேஷிடம் விட்ட முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. ஆனால் உடனே கை கொடுத்து மன்னிப்புக் கேட்டார், போகிற போக்கில் குகேஷ் முதுகில் தட்டிவிட்டுப் போனார். மேஜையைக் குத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் எதிரே இருந்தவர் மேல் பாயவில்லை. குட்டியிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் குட்டியிடம், "உன் குதிரை மூவ் சூப்பர், நான் பயந்துட்டேன், வெளியில போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டான். குட்டியும் சரி என்று தலையாட்டினான். வாசலுக்கு வந்தபோது உன் கேள்வி வந்தது. அப்புறம் அவன் அந்தப் பையன் இருந்த பக்கமே திரும்பவில்லை.

மாசக் கடைசியில் நடக்கிற டோர்னமென்ட்டுக்கும் அந்தப் பையன் பேர் கொடுத்திருக்கிறான். அவன் அப்பாவைப் பார்த்தால் நீயே போய்ப் பேசு. "அன்னிக்கு உங்க பையன் நல்லா ஆடினான் சார்" என்று குட்டி காதில் விழுகிற மாதிரி சொல். வீட்டிலிருந்து அந்த மடிக்கிற போர்டை எடுத்து வா. ரவுண்டுகளுக்கு நடுவே நேரம் கிடைக்கும், இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கட்டும். குட்டி எங்கே கோட்டைவிட்டான் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அக்கா