லூயி ஆம்ஸ்ட்ராங் வீட்டு ஸ்பூல் டேப்புகள்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் இரண்டு மாதம் நியூயார்க் வாசம் என்றால், அதில் ஒரு பகலை லூயி ஆம்ஸ்ட்ராங் வீட்டுக்கு ஒதுக்கிவிடு. ஜாஸ் மேதையின் வீடாயிற்றே என்று ட்ரம்பெட்டைத் தேடிக்கொண்டு போகாதே. அங்கே காதுக்குத்தான் வேலை.

வீடு குவீன்ஸில், கொரோனா பேட்டையில் இருக்கிறது. (நோய்க்கு முந்தைய பெயர், சிரிக்காதே.) ஏழாம் நம்பர் ரயிலில் 103ஆம் தெரு நிறுத்தம், அங்கிருந்து பத்து நிமிட நடை. ரயிலில் 7 என்ற எண் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். சாய்சதுரத்துக்குள் இருந்தால் எக்ஸ்பிரஸ், அங்கே நிற்காது. தவறி ஏறிவிட்டால் ஜங்ஷன் புலவார்டில் இறங்கி லோக்கலைப் பிடி. விலாசம் 34-56, 107ஆம் தெரு. குவீன்ஸில் ஒரே எண்ணில் தெருவும் உண்டு, அவென்யூவும் உண்டு. டாக்சியில் போனால் 'தெரு' என்பதை அழுத்திச் சொல்.

1943இல் மனைவி லூசில் வாங்கிய வீடு. 1971இல் கண்ணை மூடும்வரை ஆம்ஸ்ட்ராங்குக்கு இதுதான் வீடு. சிறு குழுவாக, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு. சமையலறையில் நீல அலமாரிகளையும் மேடைக்குள்ளேயே மோட்டார் பதித்த பிளெண்டரையும் பார்த்தால் கமலா நகரமாட்டாள்.

நீ நிற்க வேண்டிய இடம் மாடியிலுள்ள அவரது அறை. பாடகர் டோனி பென்னட் வரைந்த ஆம்ஸ்ட்ராங் படம் அங்கே இருக்கிறது, 'பெனடெட்டோ' என்ற அவரது இயற்பெயர்க் கையெழுத்தோடு. 1950 வாக்கில் தொடங்கி, கச்சேரி இல்லாத நேரமெல்லாம் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டவர் ஆம்ஸ்ட்ராங். இசைத்தட்டு, சாதகம், அரட்டை, கெட்ட ஜோக் எதையும் விடவில்லை. 650க்கு மேற்பட்ட ஸ்பூல்கள், அதாவது ஒலிநாடாச் சுருள்கள், மிஞ்சியிருக்கின்றன. வழிகாட்டி அறைக்கு அறை அவற்றிலிருந்து துணுக்குகளை ஒலிக்கவிடுவார். அப்போது பேச்சை நிறுத்து.

கணக்கு உனக்குப் பிடிக்கும். ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா. நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஒரு பக்கம் 32 நிமிடம். வேகத்தைப் பாதியாக்கினால் 64 நிமிடம் கிடைக்கும், ஆனால் டிரம்ஸோடு தட்டும் சிம்பல் தாளத்தின் ஒலிப் பளபளப்பு மங்கிவிடும். அக்கால அசிட்டேட் நாடாவுக்குச் சூடும் ஈரமும் ஆகாது. வினிகர் வாடை கிளம்பும், நாடா சுருங்கி வளையும், பிறகு ரெக்கார்டரில் நாடாவின் ஒலியை எடுக்கும் ஹெட்டில் சரியாகப் படியாது. அதனால்தான் எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். டேப் பெட்டிகளின்மேல் அவரே படங்களை வெட்டி செலோடேப்பால் ஒட்டியிருக்கிறார். பசை காய்ந்து பழுப்பேறுவதால் அவை நாடாவைவிடப் பெரிய தலைவலி. கோணல்மாணலாக வெட்டிய அந்த ஒட்டுப்படங்கள், என்னைக் கேட்டால், அவர் வாசிப்பைப் போலவே இருக்கும்.

ட்ரம்பெட்டைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் எதிர்ச்சாரியில் 2023இல் திறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் மையத்துக்குப் போ. முழங்கால் வலி இருந்தால் மாடிப்படியைப் பற்றி முன்பே கேட்டுக்கொள்.

எந்த அறையில் எந்த டேப்பைப் போட்டார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சேது