மீந்த மாத்திரை வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போருக்குப் பயந்து ஓடி, முகாம்களில் தவிக்கும் அகதிகளுக்கு அனுப்புவதற்காக வீட்டில் மீந்த மருந்துகளைப் பெட்டி வைத்துச் சேகரிப்பதாக நம்மூர் அன்பர்கள் சிலர் கொடுத்த அறிவிப்பைத் தங்கள் இதழில் பார்த்தேன். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்பேன்.

சுனாமி சமயத்தில் கடலூருக்கு இப்படி வந்த மூட்டைகளைப் பிரித்தவர்களில் நானும் ஒருவன். பாதி தீர்ந்த அட்டைகள். காலாவதித் தேதி அச்சான ஓரம்தான் முதலில் கத்தரிக்கப்பட்டிருக்கும். இருமல் டானிக் உடைந்து எல்லாம் பிசுபிசுவென ஒட்டிக் கிடக்கும். நாள் முழுக்கப் பிரித்தாலும் ஒரு பை தேறாது. தேவனாம்பட்டினத்தில் ஆள் தேவைப்பட்ட நேரத்தில் நாங்கள் குப்பை பிரித்துக்கொண்டிருந்தோம்.

அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சேயில் குவிந்த மருந்து சுமார் 4,000 டன். பெரும்பாலானவற்றின் லேபிள் அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழியில். சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது, அதற்குத் தனிச் செலவு! நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பிய மருந்தை அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டாவது ஆயுள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996லேயே சொல்லிவிட்டது.

சரி, முகாமில் உயிரைக் காப்பது எது? 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் போங்கான் முகாமில் காலரா கொன்றுகொண்டிருந்தது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்ததும் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அப்புறம், தட்டம்மைத் தடுப்பூசி. கடலூரிலேயே சுனாமிக்குப் பிறகு தட்டம்மை பரவியதை மறந்துவிடக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. பி.பி., சுகர் உள்ளவர்களுக்கு ஒரே மாத்திரை மாதாமாதம் தவறாமல் கிடைக்க வேண்டும். பத்து வீட்டு மிச்சத்தில் அது நடக்காது.

அன்பர்கள் பணமாகத் திரட்டி, களத்தில் இருக்கும் மருத்துவ அமைப்பைக் கேட்டு அனுப்பட்டும். பால் பவுடரும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அதைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.