மாடலில் குழாய் இருக்கிறது, கை நுழைய இடம் இல்லை

ஆசிரியருக்கு,

கணினியே இனி வீட்டை வடிவமைத்துவிடும், வரைபடம் போடுகிறவர்கள் வேறு பிழைப்பைப் பார்க்கலாம் என்கிற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. உங்கள் நாளிதழில் வரும் கட்டுமானச் செய்திகளிலும் அந்த வாடை கொஞ்சம் அடிக்கிறது. நான் சிங்கப்பூரில் பிபிவிசி கட்டடங்களுக்கு பிம் மாடல், அதாவது எல்லா விவரமும் அடங்கிய முப்பரிமாணக் கணினி மாடல், செய்கிறவன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் இதை எழுதவில்லை. போகிற வேலை போகட்டும், அதில் பாதி யாரும் ஆசைப்பட்டுச் செய்கிற வேலையும் இல்லை. எனக்கு இருக்கும் குறை வேறு.

பிபிவிசி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சுவர், தரை, ஓடு, சன்னல், குழாய், பெயின்ட் வரை முடித்து ஓர் அறையையே பெட்டியாகத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி வந்து, பாரந்தூக்கியால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது. அரசாங்கம் விற்கும் சில நிலங்களில் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று 2014 முதல் நிபந்தனையே இருக்கிறது. கிளமெண்டியில் 40 மாடி கிளமென்ட் கேனப்பி, சிலாட் அவென்யூவில் 56 மாடி அவென்யூ சவுத் ரெசிடென்ஸ் எல்லாம் இந்த வகைதான். கிளமென்ட் கேனப்பிக்கான பெட்டிகளை மலேசியாவில் ஜொகூரின் செனாயில் வார்த்து, இங்கே துவாஸில் உள்வேலை முடித்து, அப்புறம்தான் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சரி, கணினி இதில் என்ன செய்கிறது? கட்டடக் கலைஞர் மூன்று படுக்கையறை வீடு ஒன்றை ரெவிட் என்கிற பிம் மென்பொருளில் வரைந்து அனுப்புகிறார். அதை எத்தனை பெட்டியாக, எந்தக் கோட்டில் வெட்டுவது என்பதுதான் முதல் தலைவலி. அகலம் 3.4 மீட்டரைத் தாண்டினால் சாலையில் போலீஸ் துணை வேண்டும், லாரியோடு சேர்த்து உயரம் 4.5 மீட்டருக்குள் நிற்க வேண்டும், பாரந்தூக்கி கையை நீட்டும் தூரத்தில் எத்தனை டன் தாங்குமோ அதற்குள் எடை இருக்க வேண்டும், வெட்டுக்கோடு குளியலறையின் நடுவே போகக்கூடாது. முன்பெல்லாம் இதைக் கையால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். இப்போது ரெவிட்டோடு சேர்ந்த டைனமோ என்கிற நிரல் கருவியில் இந்த விதிகளை எழுதி வைத்துவிட்டால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பல வழிகளில் வெட்டிக் காட்டிவிடுகிறது. குளியலறை இருக்கிற பக்கம் ஓடுகளும் அடித்தளப் பூச்சும் சேர்ந்து கனம் கூடும், ஈர்ப்பு மையம் அந்தப் பக்கம் தள்ளிப் போகும், 20, 30 டன் பெட்டியைத் தூக்கும்போது சாயாமல் இருக்கக் கொக்கி எங்கெங்கே வர வேண்டும் என்று மாடலிலிருந்தே கணக்கு எடுத்துவிடலாம். விற்பனைப் பிரிவிலிருந்து யாரோ ஒருவர் சன்னலை 150 மில்லிமீட்டர் நகர்த்தச் சொன்னால், வரைபடம், கம்பிப் பட்டியல், ஓடுகளின் எண்ணிக்கை எல்லாம் தானாகவே மாறிக்கொள்ளும். இதை வேண்டாம் என்று எவனும் சொல்லமாட்டான்.

ஆனால் அந்த விதிகளை எழுதுகிறவர்கள் யாரென்று பாருங்கள். என்னைப் போல ஏர்கான் அறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நான் பார்த்த ஒரு தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறைப் பெட்டியின் தண்ணீர்க் குழாயும் பக்கத்துக் குளியலறைப் பெட்டியின் குழாயும் இரண்டையும் இறக்கி வைத்த பிறகு ஓரிடத்தில் இணைய வேண்டும். மாடலில் மோதல் சோதனை ஓட்டியபோது ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. குழாய் சுவரைத் தொடவில்லை, கேபிள் தட்டு குழாயைத் தொடவில்லை, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கான்கிரீட் வார்க்கும் அச்சும் தயாரானது. பெட்டிகளை வைத்த பிறகு பிளம்பர் அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போகிறது, ஆனால் ஸ்பேனர் கால்வாசிகூடத் திரும்பவில்லை. திருவாரூர்க்கார அண்ணன் அவர், ரொம்ப வருஷம் இதே வேலையில் இருப்பவர். "இந்த டிராயிங்கை முன்னாடியே எங்கிட்ட காட்டியிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே" என்றார், கோபமாகக்கூட இல்லை.

ஒரு வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. பிபிவிசியில் அதே பெட்டி அதே கோட்டில் கீழிருந்து மேல்மாடி வரை போகும், தப்பும் கூடவே மாடி ஏறும். அப்புறமென்ன, ஹாக்கிங்தான், அதாவது கொத்தி உடைப்பதுதான். ஒட்டி முடித்த ஓடுகளை உடைத்து, நீர்க்காப்புப் பூச்சைக் கிழித்து, சுவரில் திறப்பு வெட்டி, மறுபடி எல்லாவற்றையும் மூடி, மறுபடி தண்ணீர் தேக்கிச் சோதித்து... தொழிற்சாலையில் மிச்சம் பிடித்த நாளெல்லாம் அங்கேயே கரைந்தது.

இத்தனைக்கும் மாடலில் இதைத் தடுப்பது பெரிய வித்தையே இல்லை. வால்வைச் சுற்றி, கையும் கருவியும் புழங்க வேண்டிய வெற்றிடத்தையும் ஒரு கனசதுரமாக ரெவிட் ஃபேமிலியிலேயே, அதாவது அந்த வால்வுக்கான ஆயத்த வடிவத்திலேயே, வரைந்து வைத்து, மோதல் சோதனையில் அதையும் சேர்த்துவிட்டால் அடுத்த திட்டத்திலிருந்து கணினியே கத்தும். எவ்வளவு இடம் வேண்டும், எந்தப் பக்கமிருந்து கை வரும் என்பதை ஸ்பேனர் பிடிக்கிறவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாரந்தூக்கியில் பெட்டியைக் கட்டி இறக்குகிற ரிக்கரைக் கேட்டால் அவரிடம் இன்னொரு பட்டியல் இருக்கும். இரண்டு பக்கமும் பெட்டி வைத்தாகிவிட்ட இடத்தில் நடுப்பெட்டியைக் கடைசியாக இறக்குவது எவ்வளவு பெரிய அவஸ்தை என்பது மாடலுக்குத் தெரியாது. திரையில் ஒவ்வொரு பெட்டியும் துல்லியமாக இருக்கிறது, வார்த்து வரும் கான்கிரீட்டோ சில மில்லிமீட்டர் இப்படி அப்படி இருக்கும், மாடி ஏற ஏற அது சேர்ந்துகொண்டே போகும். எந்த வரிசையில் வைத்தால் அதைச் சமாளிக்கலாம் என்பதையும் விதியாக எழுதலாம், கேட்டால்தானே எழுத முடியும்.

ஏன் கேட்பதில்லை என்றால், ஆணவம் மட்டும் காரணமில்லை. பல இடங்களில் வரைபடத்தை இறுதி செய்து அச்சு தயாரிக்கும் நேரத்தில் குழாய் வேலையின் துணைக் குத்தகையே இன்னும் கொடுத்திருக்கமாட்டார்கள், விலை பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்க நினைத்தாலும் அங்கே ஆள் இருக்கமாட்டார். வழக்கமான கட்டடத்தில் இது ஓடிவிடும், தளத்தில் சமாளித்துக்கொள்வார்கள். பெட்டிக் கட்டடத்தில் சமாளிக்க எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

அரசாங்கம் தன் பங்குக்கு வேகமாகத்தான் போகிறது. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு பிம் வடிவில் சமர்ப்பிப்பது 2015லேயே கட்டாயம், இப்போது அனுமதி விண்ணப்பங்களுக்கான கோர்நெட் எக்ஸ் இணையத்தளம் வந்துவிட்டது, கதவகலம், தீயணைப்புத் தூரம் போன்றவற்றைக் கணினி சரிபார்ப்பதும் கூடிக்கொண்டே வரும். நல்லதுதான். ஆனால் அது சட்டவிதிகளைப் பார்க்கும், பிளம்பரின் முழங்கையைப் பார்க்காது.

ஆகவே வீவகவுக்கும் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தனியார் மேம்பாட்டாளர்களுக்கும் என் கோரிக்கை இது. அச்சு தயாரிப்பதற்கு முன்னால், பிளம்பிங், மின்சாரம், ரிக்கிங், கிரவுட் (இணைப்பு இடைவெளிகளில் சாந்து நிரப்புவது) மேற்பார்வையாளர்கள் மாடலை உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்லும் ஒரு கூட்டத்தைக் குத்தகை நிபந்தனையிலேயே எழுதுங்கள், அந்த நேரத்துக்கு அவர்களுக்குச் சம்பளமும் கொடுங்கள். குத்தகை இன்னும் முடிவாகவில்லையா, முந்தைய திட்டத்தில் வேலை செய்த ஆளைக் கூப்பிடுங்கள். கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை, தமிழிலும் வங்காளத்திலும் நடக்கட்டும். முப்பரிமாணப் படத்தைச் சுற்றிக் காட்டினால் அவர்கள் எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், டேப்லெட்டைக் கையில் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவர்கள் சொல்கிறதை விதியாக எழுதித் தருவது எங்கள் வேலை, அதற்கு நாங்கள் தயார்.

பெயர் வெளியிட வேண்டாம்,
ஜூரோங் வெஸ்ட்