இணையச் சதுரங்கத்தில் கள்ளாட்டம்: புகார் எங்கே போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிச் சதுரங்கத்தில், கணினிச் செயலி சொல்லும் நகர்வை ரகசியமாகப் பார்த்து ஆடும் கள்ளாட்டம் பெருகிவருவதைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நோயைச் சரியாகவே சொன்ன அக்கட்டுரை, அதற்கு மருந்தாக, சந்தேகத்துக்குரிய பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் வெளிப்படையாகப் போட்டுவிட வேண்டும் என்று கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. திண்டுக்கல்லில் பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து வருபவன் நான். கள்ளாட்டத்தால் மனம் நொந்த பிள்ளையையும், செய்யாத கள்ளாட்டத்துக்காகப் பழி சுமந்த பிள்ளையையும், உண்மையிலேயே கள்ளாட்டம் ஆடிய பிள்ளையையும் ஒரே வகுப்பில் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற டிசம்பரில் பதினோரு வயது மாணவன் ஒருவன், பத்து நிமிட ஆட்டம் ஒன்றில் தோற்றுவிட்டு அந்த ஆட்டத்தை என்னிடம் கொண்டுவந்தான். எதிராளியின் ரேட்டிங், அதாவது வெற்றி தோல்விக்கேற்ப ஏறி இறங்கும் ஆட்டபல எண், 1250; இன்னும் கற்றுக்கொண்டிருப்பவரின் எண் அது. பலகையில் ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்த்தபோது, நகர்வுகளைவிட அவற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரமே முதலில் என் கண்ணில் பட்டது. வெட்டிய குதிரையைத் திருப்பி வெட்டுவதற்கு யாரும் யோசிப்பதில்லை. அதற்கும் அவருக்கு ஏழு விநாடி. யானையைப் பலி கொடுக்கலாமா என்று கைதேர்ந்தவர்களே இரண்டு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நிலை. அதற்கும் ஏழு விநாடி. செயலியைப் பார்த்து வைப்பவருக்குத்தான் எளிதும் கடினமும் ஒரே நேரம் எடுக்கும். நடுவில் ஓரிடத்தில், நான்கு நகர்வு கழித்து வரவிருந்த மிரட்டலைத் தடுப்பதற்காக ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளிவைத்திருந்தார். அந்த ரேட்டிங்கில் அப்படியொரு நகர்வை நான் கண்டதில்லை.

நாங்கள் இதை எந்தக் குழுவிலும் போடவில்லை. ஆடிய இணையதளத்தில், ஆட்டத்தின் பக்கத்திலேயே இருக்கும் புகார்ப் பொத்தானை அழுத்தி, எந்தெந்த நகர்வு, எவ்வளவு நேரம் என்று மூன்று வரி எழுதி அனுப்பினோம். நான்கு நாள் கழித்து, எதிராளி நேர்மை விதியை மீறியிருந்ததால் இழந்த எட்டு ரேட்டிங் புள்ளிகள் திருப்பித் தரப்படுவதாகச் செய்தி வந்தது. பையன் கேட்ட முதல் கேள்வி, "சார், அப்ப நான் ஜெயிச்சதா மாத்துவாங்களா?" என்பதுதான். மாற்றவில்லை. புள்ளி திரும்பி வந்தது, ஆட்டத்தின் முடிவு இன்றும் தோல்வி என்றே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது ஆறவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் அந்தப் பொத்தானே சரியான வழி என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. 1997இல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்த ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் ப்ளூ' என்னும் பெரும் இயந்திரம் தேவைப்பட்டது. இன்று 'ஸ்டாக்ஃபிஷ்' என்ற இலவசச் செயலி, எந்த உலக சாம்பியனையும் விஞ்சும் பலத்தோடு நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆட்டம் முழுவதும் அதைப் பார்த்து ஆடுபவர் விரைவில் மாட்டிக்கொள்வார். நெருக்கடியான இரண்டு மூன்று இடங்களில் மட்டும் எட்டிப் பார்ப்பவரை ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியாளராலும் பிடிக்க முடியாது. அவருடைய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரம், ஆட்டத்தின் நடுவே வேறு திரைக்குத் தாவினாரா என்பது போன்ற விவரங்கள் எல்லாம் தளத்தை நடத்துபவர்களிடம் மட்டுமே இருக்கின்றன. நம் கையில் இருப்பது சந்தேகம் மட்டும்தான்.

தங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன ஸ்மர்ஃப் கணக்குகள், என் அனுபவத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய தொல்லை. பலமாக ஆடத் தெரிந்தவர் தன் ரேட்டிங்கை மறைத்துப் புதிய கணக்கொன்றைத் தொடங்கி, கற்றுக்குட்டிகளோடு மோதுவதுதான் ஸ்மர்ஃப். ரேட்டிங்கைக் கணிக்கும் எலோ முறையின்படி 400 புள்ளி வேறுபாடு இருந்தால், கீழே இருப்பவர் பதினோரு ஆட்டத்தில் ஒரு வெற்றிக்குச் சமமானதை எடுப்பதே எதிர்பார்க்கக்கூடியது. ஸ்மர்ஃபோடு மோதும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு எண்ணூறாகவும் இருக்கலாம். புதிய கணக்குகளின் ரேட்டிங் வேகமாக ஏறும்படியே தளங்கள் கணக்கிடுவதால், மறைந்து ஆடுபவர் பத்துப் பதினைந்து ஆட்டத்தில் தன் உண்மையான இடத்துக்குப் போய்விடுவார் என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்தப் பத்துப் பதினைந்து ஆட்டத்திலும் எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்று அவர்கள் யோசிப்பதில்லை. மேலும், மேலே ஏறாமல் இருப்பதற்காகவே மூன்றாவது நகர்வில் வேண்டுமென்றே ஆட்டத்தைக் கைவிட்டுக் கைவிட்டுப் புள்ளியை இறக்கிக்கொண்டு, '1200க்குக் கீழ்' என்று அறிவிக்கப்படும் பிரிவில் நுழைந்து பரிசைத் தட்டிச் செல்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் திருட்டு என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

இதில் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, குறைந்த ரேட்டிங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே மேலேறும் காணொளித் தொடர்களை வெளியிட்டார். என் மாணவர்கள் பலர் ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தைக் கற்றதே அவரிடம்தான். அவர் கற்பிப்பதற்காக, எல்லோருக்கும் தெரியும்படி ஆடினார். அதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் புதுக் கணக்குத் தொடங்கி எட்டு வயதுக் குழந்தையை அடித்து மகிழும் பிளஸ் டூ மாணவனுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதே நரோடிட்ஸ்கியின் இணைய ஆட்டங்களைக் குறித்து, முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் பொதுவெளியில் தொடர்ந்து ஐயம் எழுப்பிவந்தார். நரோடிட்ஸ்கி அதை மறுத்தார். 2025 அக்டோபரில், 29 வயதில், அவர் மறைந்தார். மரணத்துக்குக் காரணம் கற்பிப்பது என் வேலையன்று. ஆனால் உலகமே மதித்த ஓர் ஆசிரியர் தன் கடைசிக் காலத்தில் இந்தச் சந்தேகத்தின் நிழலிலேயே ஆடவேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2022இல், அன்றைய உலக சாம்பியன் கார்ல்சனை வென்றபின் கள்ளாட்டச் சந்தேகத்துக்கு ஆளான அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் நீமன் விவகாரத்திலும் இதைப் பார்த்தோம். 12 வயதிலும் 16 வயதிலும் இணையத்தில் கள்ளாட்டம் ஆடியதை அவரே ஒப்புக்கொண்டார். நேரடிப் பலகையில் கார்ல்சனை வென்ற ஆட்டத்தில் அவர் ஏமாற்றியதற்கோ எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. பழைய தவறு, செய்யாத தவறுக்குச் சான்றாகிவிடாது.

பெரியவர்களே தாங்க முடியாத இந்தச் சுமையை, எங்கள் ஊர்க் குழு ஒன்றில், பத்து வயதுப் பையன் மீது ஏற்றினார்கள். பதினாறு நகர்வில் அவன் வென்ற ஆட்டத்துக்குத் தளம் 97 விழுக்காடு துல்லியம் (செயலியின் சிறந்த நகர்வுகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) காட்டியது என்பதுதான் 'ஆதாரம்'. எதிராளி ஏழாவது நகர்விலேயே ராணியை இழந்திருந்தார். அதன்பின் சரியாக ஆடாமல் இருப்பதுதான் கடினம். இதை விளக்கி நான் எழுதுவதற்குள் அவன் பெயரும் பள்ளியும் நாற்பது கைப்பேசிகளுக்குப் போய்விட்டன. இப்போது அவன் ஆட வருவதில்லை.

உண்மையிலேயே தவறு செய்த பிள்ளையைப் பற்றியும் சொல்கிறேன். பதின்மூன்று வயது மாணவி ஒருத்தியின் ரேட்டிங் மூன்று வாரத்தில் 1140இலிருந்து 1630ஆக ஏறியது. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின், அவளுடைய ஆட்டத்திலிருந்தே ஒரு நிலையைப் பலகையில் அடுக்கி, "இந்த யானையை ஏன்மா இங்கே வைத்தாய்?" என்று கேட்டேன். நீண்ட நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுதாள். ஒவ்வோர் இரவும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அப்பா கேட்பது ரேட்டிங் எண்ணைத்தான் என்றாள். அப்பாவை வரவழைத்து மூவரும் பேசினோம். நடந்ததை ஒப்புக்கொண்டு தளத்துக்கு அவளே கடிதம் எழுதினாள். அவர்கள் புதிய கணக்குக்கு அனுமதி தந்தார்கள். இன்று அவள் ரேட்டிங் 1290, அவ்வளவும் அவளுடையது. அவள் பெயர் குழுவில் வந்திருந்தால் இந்த எண் இருந்திருக்காது.

தங்கள் இதழ் வரும் கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு இணையவழிப் போட்டி நடத்தவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். 2020இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய இணைய ஒலிம்பியாடில் ஆட்டக்காரர்கள் கேமரா முன் அமர்ந்தே ஆடினார்கள். பரிசுக்குரிய கடைசிச் சுற்றுகளிலாவது அதை இங்கும் செய்யலாம். ரேட்டிங் பிரிவுகளில் சேர, ஆறு மாதமாவது ஆடப்பட்ட கணக்கு வேண்டும் என்றும், ஒருவரின் தற்போதைய எண்ணுக்குப் பதிலாக அந்த ஆறு மாதத்தின் உச்ச எண்ணே கணக்கில் கொள்ளப்படும் என்றும் விதி எழுதினால் புள்ளியை இறக்கிக்கொண்டு வருபவர்களுக்குப் பெரும்பாலும் வழி அடைபடும். புகார்கள் நடுவர் ஒருவருக்கு மட்டும் எழுத்தில் போகட்டும். புகாருக்குள்ளான பிள்ளையும் பெற்றோரும் பதில் சொல்ல ஒரு வாரம் கிடைக்கட்டும். முடிவு எதுவானாலும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் பெயர் அச்சில் வர வேண்டாம். பரிசுப் பணத்தை அந்த ஒரு வாரம் கழித்து வழங்கினால் போதும். இவற்றைப் போட்டி விதிமுறைகளோடு அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நடுவர் பணிக்கு ஆள் தேவைப்பட்டால், ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சதுரங்கப் பயிற்சியாளர் ஒருவர்,
திண்டுக்கல்