இஞ்ச் குறியையும் டி'குரூஸ் என்ற பெயரையும் தாங்காத உங்கள் பில்லிங் மென்பொருள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், பைப் மற்றும் ஹார்டுவேர் கடை, தூத்துக்குடி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், மதுரைக் கிளை.

பொருள்: சிங்கிள் கோட் ('), டபுள் கோட் (") குறிகள் உள்ள பெயர்களை உங்கள் மென்பொருள் கெடுப்பது, அதைச் சொல்ல வந்த என்னை உங்கள் அலுவலகத்தில் அவமதித்தது.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

பிரவுசரில் ஓடும் உங்கள் பில்லிங் மென்பொருளை ஏப்ரல் மாதம் 14,500 ரூபாய் கட்டி ஒரு வருடத்துக்கு எடுத்தேன். ஜூனிலிருந்து இன்று வரை பதினொரு தடவை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுப் புகார் எண் கொடுக்கிறீர்கள், பழைய எண்ணைச் சொன்னால் "அது குளோஸ் ஆயிடுச்சு சார்" என்கிறீர்கள். யார் குளோஸ் செய்தது, என்ன சரி செய்து குளோஸ் செய்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மதுரைக்கு இரண்டு தடவை நேரில் வந்தும் ஆகிவிட்டது. இனி அலைய என்னிடம் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

எங்கள் வியாபாரத்தில் சாமானுக்கு முதல் பெயரே அளவுதான். 1/2" எல்போ, 3/4" டீ, 1" பால் வால்வு, 20' ஜிஐ பைப். மேலே இரண்டு கோடு போட்டால் இஞ்ச், ஒரு கோடு போட்டால் அடி. பிளம்பர் கொண்டுவரும் துண்டுச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கும், கம்பெனி விலைப்பட்டியலிலும் அப்படித்தான் இருக்கும். ஹார்டுவேர் கடைகளுக்கென்றே செய்தது என்று சொல்லி விற்ற நீங்கள் இதை அறியாதவர்களாக இருக்க முடியாது.

ஜூன் மாதம் ஃபிட்டிங்ஸ் விலை ஏறியது. கடைப் பையன் ஒவ்வொரு ஐட்டமாகத் திறந்து விலையை மட்டும் மாற்றி சேவ் கொடுத்தான், மொத்தம் 46 ஐட்டம். மறுநாள் காலையில் பார்த்தால் 1/2" எல்போவும் இல்லை, 1/2" கப்ளிங்கும் இல்லை, 1/2" டீயும் இல்லை. எல்லாமே வெறும் "1/2" என்று வரிசையாக நிற்கின்றன. பையன் மேல் கோபப்பட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தெரிய ஆறு வாரம் ஆனது. அந்தப் பாவமும் உங்களைத்தான் சேரும்.

அதே வாரம் ஒரு அபார்ட்மெண்ட் வேலைக்கு காண்டிராக்டர் ஆர்டர் கொடுத்திருந்தார். பில்லில் "1/2" என்று மூன்று வரி. எது எல்போ, எது டீ என்று தெரியாமல் 140 பீஸ் மாற்றிப் போய்விட்டது. அவர் சாமானைத் திருப்பி இறக்கிவிட்டு, எதிர்க்கடைக்குப் போனவர் போனவர்தான். வருடம் முழுக்க அவரால் வந்துகொண்டிருந்த வியாபாரத்தைக் கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. 22 வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரே வாரத்தில் போயிற்று.

இப்போது மதுரைக்கு வந்த கதையைச் சொல்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு, விடிகாலை ஐந்தரை பஸ்ஸில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணி வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து உங்கள் அலுவலகம் வந்தேன். ஒன்பதரைக்கு உட்கார்ந்தவனை ஒன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவரிடம் இஞ்ச் பிரச்சினையையும், டி'குரூஸ் என்ற பெயரில் பில் போட முடியாததையும் காட்டினேன். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே, "பேருல எதுக்கு சார் அந்தக் கோடு? கோடு இல்லாத கஸ்டமரா பாத்து வித்துக்கோங்க" என்றார். பக்கத்து மேஜையில் இருந்த இருவர் சிரித்தார்கள். எனக்கு 58 வயது. மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஏறக்குறைய நான்கு மணி நேரம் காத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

கோடு இல்லாத கஸ்டமர்! ஐயா, இது தூத்துக்குடி. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்த காலத்திலிருந்து பெர்னாண்டோ, ரோச், டி'குரூஸ் என்ற பெயர்கள் இந்தக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. என் கஸ்டமர் தன் பெயரை இங்கிலீஷில் அந்தக் குறியோடுதான் எழுதுகிறார், அவருடைய பான் கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் மென்பொருளுக்காக அவர் தாத்தா வைத்த பெயரை மாற்றச் சொல்லவா?

அவர் பெயரைப் போட்டு முதல் தடவை சேவ் கொடுத்தபோது, திரை முழுக்க இங்கிலீஷில் பிழைச் செய்தி வந்தது. அதில் உங்கள் பைல் பெயர், டேபிள் பெயர் எல்லாம் வெட்டவெளிச்சமாக இருந்தன. அதை அன்றே போட்டோ எடுத்து அனுப்பினேன். "பேஜை ரெஃப்ரெஷ் பண்ணுங்க" என்று பதில் வந்தது.

என் அக்கா மகள் சென்னையில் வெப் புரோகிராமிங் வேலை பார்க்கிறாள். ஆடி மாதம் லீவில் வந்தவளிடம் காட்டினேன். சாமானைத் திருத்தும் பக்கத்தில் ரைட் கிளிக் செய்து, பக்கத்தின் உள்ளே எழுதியிருப்பதைக் காட்டும் வியூ சோர்ஸ் பார்த்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "மாமா, இங்க பாருங்க" என்று ஒரு வரியைக் காட்டினாள்: வேல்யூ="1/2" எல்போ". டபுள் கோட்டில் திறந்ததை அடுத்த டபுள் கோட்டில் முடிந்துவிட்டதாக பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. நம் இஞ்ச் குறியையே முடிவு என்று நினைத்து, பெட்டிக்குள் 1/2 என்பதை மட்டும் வைக்கிறது. மிச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை, சேவ் கொடுத்ததும் அழிந்தே போகிறது. திரைக்கு அனுப்பும் முன் அந்தக் குறியை, வெப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லுக்கு உரிய வடிவத்துக்கு மாற்றியிருந்தால் போதும், 46 ஐட்டமும் பிழைத்திருக்கும். வெப் வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது என்கிறாள். உங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்காது, செய்ய மனம் வரவில்லை.

டி'குரூஸ் சங்கதியும் அதே மாதிரிதான். டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லில் எழுத்துத் தொடரை சிங்கிள் கோட்டுக்குள் வைப்பார்கள். நீங்கள் கஸ்டமர் பெயரை அப்படியே தூக்கி அந்தக் கோட்டுகளுக்கு நடுவே ஒட்டுகிறீர்கள். டி முடிந்ததும் தொடர் முடிந்தது என்று டேட்டாபேஸ் நினைக்கிறது, குரூஸ் என்பது கட்டளையின் பகுதியாகிவிடுகிறது. அதுதான் பிழைச் செய்தி. பெயரைத் தனியாகவும் கட்டளையைத் தனியாகவும் அனுப்பும் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் முறை, வெப் மென்பொருள் எழுதும் பிஹெச்பி மொழியில் பல வருடங்களாக இருக்கிறது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆகஸ்டில் அப்டேட் என்று ஒன்று விட்டீர்கள். அதற்குப் பிறகு பெயர் சேவ் ஆனது, உண்மைதான். ஆனால் பில்லில் டி\'குரூஸ் என்று ஒரு சாய்கோடு சேர்ந்து வந்தது. போன் நம்பரைத் திருத்தி மறுபடி சேவ் செய்தால் மூன்று சாய்கோடு, அடுத்து விலாசத்தைத் திருத்தியதும் ஏழு. தேவையில்லாத இடத்திலும் சாய்கோடு சேர்ப்பதால், ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்குக்கு மேல் ஒன்று கூடுகிறது என்று அக்கா மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்த ஏழு சாய்கோட்டு பில்லை அவர் கையில் கொடுத்தபோது என் கை கூசியது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே உள்ள பிரிண்ட் பட்டன் இன்றுவரை அசையவில்லை. அதுவும் பட்டனை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சிங்கிள் கோட்டுக்குள் சிங்கிள் கோட் வந்ததால்தான். அந்த மொழியில் சிங்கிள், டபுள், பேக்டிக் (`) மூன்றையும் பயன்படுத்தலாமாம், பேக்டிக் 2015லேயே வந்துவிட்டதாம். ஆனால் எதற்குள் வைத்தாலும், உள்ளே வரும் பெயரைக் கவனிக்காவிட்டால் ஒருநாள் உடையத்தான் செய்யும் என்கிறாள்.

அதே அப்டேட்டில் இஞ்ச் சரியானது, அடி கெட்டது. 20' ஜிஐ பைப்பைத் திறந்தால் இப்போது "20" மட்டும் வருகிறது. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் வேல்யூவை சிங்கிள் கோட்டில் எழுதியிருக்கிறீர்கள். பிஹெச்பியில் இதற்கென்று இருக்கும் ஃபங்ஷன், பழைய பதிப்புகளில் நாமாகச் சொன்னால் ஒழிய சிங்கிள் கோட்டை மாற்றாது. 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில்தான் இரண்டையும் தானாக மாற்றும்படி ஆனது. இதையெல்லாம் ஒரு பைப் கடைக்காரன் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

ஜிஎஸ்டி விஷயத்தை விட்டுவிட்டேன். ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய 11ஆம் தேதி கடைசி. அதற்காக உங்கள் மென்பொருள் கொடுத்த ஜேசன் என்ற டேட்டா பைலை ஆடிட்டர் ஏற்றினால், பைல் செல்லாது என்று திரும்பி வருகிறது. ஜேசனில் எழுத்துத் தொடருக்கு டபுள் கோட் மட்டும்தான். உள்ளே இஞ்ச் குறி வந்தால் அதற்கு முன் சாய்கோடு போட்டே ஆக வேண்டும். அங்கே நீங்கள் போடவில்லை. சாய்கோடு வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை, வேண்டாத இடத்தில் ஏழு! இரவு பதினோரு மணி வரை ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து கையால் அடித்து ஏற்றினோம்.

இத்தனைக்கும் பிறகு போன வாரம் வந்த அப்டேட்டில் "சிறப்பு எழுத்துகளுக்கு அனுமதி இல்லை" என்று போட்டுவிட்டீர்கள். இப்போது கோடு எதுவுமே ஏறாது. 10" என்பதும் 10' என்பதும் எனக்கு ஒன்றா? பத்து இஞ்ச் துண்டுக்கும் பத்து அடி பைப்புக்கும் ஒரே பெயர் என்றால் நான் எதை எடுத்துக் கொடுப்பது? அதை எழுதும்போது எனக்கு மறுபடியும் அந்த மதுரை ஆள்தான் ஞாபகம் வருகிறார். கோடு இல்லாத கஸ்டமரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதை மென்பொருளிலேயே எழுதிவிட்டீர்கள்.

ஐயா, உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கெடுப்பது என் நோக்கமில்லை. போனில் பேசிய ஒரு பெண் பிள்ளை மட்டும் பொறுமையாகக் கேட்டு, "அங்கிள், நான் எழுதி வச்சிருக்கேன்" என்று சொன்னாள். அவளுக்கு நன்றி. ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நல்ல மனிதர் தன் பெயரை அடித்தாலே கட்டளை உடைகிறது என்றால், கெட்ட எண்ணத்தோடு ஒருவன் அந்த இடத்தில் வேறு எதையாவது அடித்தால் என்ன ஆகும்? எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற இந்த ஓட்டையைப் பற்றி 1998லேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். வெப் மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து அபாயங்களின் பட்டியலில் 2010, 2013, 2017 மூன்றிலும் இந்த வகை ஓட்டைதான் முதலிடம். என் கஸ்டமர்களின் போன் நம்பர், ஜிஎஸ்டி எண், பாக்கிக் கணக்கு எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. எனக்கு உடனே எழுத்தில் பதில் வேண்டும்: அந்த ஓட்டையை அடைத்தீர்களா, இல்லை எழுத்துகளைத் தடுத்து மூடி மட்டும் வைத்தீர்களா?

நான் கேட்பது இவைதான். இஞ்ச், அடி, பெயரில் வரும் குறி மூன்றும் எந்தப் பக்கத்திலும் கெடாமல் ஏற வேண்டும். அழிந்த 46 ஐட்டங்களின் பெயர்களை உங்கள் பேக்கப்பிலிருந்து நீங்களே திருப்பிப் போட வேண்டும், அதற்கு என்னைத் தனியாகப் பணம் கேட்கக்கூடாது. டி'குரூஸ் அவர்களின் பழைய பில்களைச் சாய்கோடு இல்லாமல் திருத்தித் தர வேண்டும். மதுரையில் அப்படிப் பேசியவர் எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், போனில் வேண்டாம். இரண்டாம் தடவை வந்தபோது "டெக்னிக்கல் ஆள் லீவு" என்று வாசலோடு திருப்பி அனுப்பினீர்களே, அந்தச் செலவையும் சேர்த்து இரண்டு பயணத்துக்கு 1,840 ரூபாய். டிக்கெட்டும் ஆட்டோக் கணக்கும் இணைத்திருக்கிறேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் சரி செய்தால் வருடச் சந்தாவைத் தொடரவும் எனக்கு மனமிருக்கிறது, ஏனென்றால் ஸ்டாக் கணக்கு உங்கள் மென்பொருளில் நன்றாகவே இருக்கிறது. இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தக் கடை என் குடும்பத்தின் ஒரே பிழைப்பு, அதை அங்கேயும் சொல்வேன். திரை முழுக்க டேபிள் பெயர் வந்த அந்தப் போட்டோவை, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் அனுப்பி வைப்பேன்.

இணைப்பு: 46 ஐட்டங்களின் பட்டியல் (சரியான பெயர்கள் கையால் எழுதியது), பிழைச் செய்தியின் போட்டோ, ஏழு சாய்கோடு உள்ள பில்லின் நகல், பஸ் டிக்கெட்டுகள், ஆட்டோக் கணக்கு. பில் நகலில் கஸ்டமரின் போன் நம்பரை மட்டும் மறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்