ஒரே வகுப்பில் படிக்கட்டும்

ஆசிரியருக்கு,

2023-24 கல்வியாண்டு முதல் இருபாலர் பள்ளிகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2022-இல் உத்தரவிட்டதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நம் ஊர் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் இதுதான் சரி. தனித்தனியாக உட்கார வைத்தால் கவனம் சிதறாது என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்லூரியிலும் அப்புறம் வேலையிலும் ஒன்றாகத்தானே இருக்கப்போகிறார்கள், அதுவரை பேசியே பழகாத பிள்ளைகள் அங்கே போய் என்ன செய்வார்கள்?

நான் வேதியியல் ஆசிரியை. ஆய்வகத்தில் கலந்து குழு பிரித்தபோது முதலில் பையன்களே பியூரெட்டை (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாயை)ப் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் அளவை எழுதினார்கள். மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னேன், கொஞ்ச நாளில் கூச்சம் போய்விட்டது. பெற்றோர் கவலையெல்லாம் பாதுகாப்பும் கழிப்பறையும்தான். அரசு முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டு, ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாகச் சேர்த்து வரட்டும்.